மண்குடமும் பொன்குடமும்: ஏ. கே. ராமானுஜனின் கட்டுரை ஒன்றை முன்வைத்து

மனித மனம் எங்கும் ஒன்றுதானா? அல்லது பிறந்த மண்ணுக்கும் வளர்ந்த வீட்டுக்கும் ஏற்ப வேறு வேறாக வார்க்கப்படுகிறதா? வேறு வேறுதான் என்றால், நல்லது கெட்டது என்று நாம் சொல்வதும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறலாமா? இது தத்துவம் படித்தவர்களுக்கான கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்து, வீட்டுக்குள் ஒரு வழக்கம், வாசல்படி தாண்டினால் இன்னொரு வழக்கம் என்று வாழ்கிற நம் போன்றவர்கள் இதற்கு நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பதில் சொல்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட கட்டுரை ஒன்று உண்டு. ஏ. கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் எழுதி 1989இல் வெளிவந்தது. 'இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா?' என்பது அதன் தலைப்பு. ராமானுஜன் (1929–1993) நமக்கு அயலார் அல்லர். மைசூரில் பிறந்த தமிழ் வைணவக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டின் கீழ்த்தளத்தில் தாயாருடன் தமிழ், மாடியில் தந்தையாருடன் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டு சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோனவர். ஆக, இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படித்து அறியும் முன்பே வாழ்ந்து அறிந்தவர் எனலாம்.

அந்தக் கட்டுரை இன்றும் பல கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. பாராட்டப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதில் ஓரிடத்தில் ஒரு பெரிய கேள்வி கேட்கப்படாமல் நழுவிப்போகிறது என்பது என் எண்ணம். அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுரை என்ன சொல்கிறது?

ராமானுஜன் ஒரு விளையாட்டோடு தொடங்குகிறார். ருஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, 'தேநீர் கொண்டு வா' என்பது போன்ற சாதாரண வாக்கியத்தை நடிகர்களிடம் கொடுத்து, நாற்பது விதமாகச் சொல்லச் சொல்வாராம். அதுபோலத் தலைப்புக் கேள்வியின் ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பார்க்கிறார் ராமானுஜன். 'உண்டா' என்பதை அழுத்தினால் ஒரு கேள்வி. 'ஒன்று' என்பதை அழுத்தினால் வேறு கேள்வி. 'இந்திய' என்பதற்கு அழுத்தம் கொடுத்தால் இன்னொன்று. 'சிந்தனை' என்பதற்குக் கொடுத்தால் இந்தியர்கள் சிந்திக்கிறார்களா என்ற குறும்பான கேள்வியே வந்துவிடுகிறது.

அடுத்து தம் தந்தையாரை அறிமுகப்படுத்துகிறார். அவர் கணிதப் பேராசிரியர், வானியல் அறிந்தவர். கூடவே சமஸ்கிருதப் புலமையும் சோதிட நிபுணத்துவமும் உடையவர். வேட்டிக்கு மேல் ஆங்கிலேயக் கோட்டு, நெற்றியில் திருமண், கழுத்தில் டை. பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தோல் காலணி. வீட்டின் உள்கட்டுக்குள் நுழையும் முன் அது கழன்றுவிடும். வானியலையும் சோதிடத்தையும் ஒரே தலைக்குள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று மகன் கேட்டால், மூளைக்கு இரண்டு பாகங்கள் இருப்பது உனக்குத் தெரியாதா என்று சிரித்தபடி கேட்பாராம். இது முரண்பாடா, போலித்தனமா, அல்லது நமக்குப் பிடிபடாத வேறொரு ஒழுங்கா? இதற்கு விடையாகத்தான் ராமானுஜன் தம் கருத்தை வைக்கிறார்.

மொழியியலிலிருந்து அவர் இரண்டு சொற்களை எடுக்கிறார். ஒன்று சூழல் சார்ந்தது. மற்றது சூழல் சாராதது. எந்தச் சமூகத்திலும் இரண்டு வகை விதிகளும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பண்பாடும் ஒன்றை இலட்சியமாகக் கொள்கிறது. மேற்குலகம் எல்லாருக்கும் எங்கும் பொருந்தும் விதியை விரும்புகிறது. இந்தியப் பண்பாடு, யார், யாருக்கு, எப்போது, எங்கே என்று கேட்டு விதி செய்வதை விரும்புகிறது. இதற்கு அவர் சான்றுகளை அடுக்கும் அழகே அழகு. இராகங்களுக்கு வேளை உண்டு. காலத்திலேயே நல்ல நேரம், கெட்ட நேரம் உண்டு. வீட்டுக்கும் மண்ணுக்கும் குணம் உண்டு. நளன் கதை தனியாக வருவதில்லை. நாடிழந்து காட்டில் நொந்து கிடக்கும் தருமனுக்கு ஆறுதலாகச் சொல்லப்படும்போதுதான் வருகிறது. நம் அகப்பாடலில் நிலமும் பொழுதும் பறவையும் பூவும் காதலர் மனநிலையோடு சேர்ந்தே நிற்கும். தட்டச்சுப் பொறிக்கும் கணினிக்கும்கூட ஆயுத பூசை நடக்கிறது!

இந்த வரிசையிலேயே மனுவின் தண்டனை விதியும் வந்து நிற்கிறது. பிராமணனைப் பழித்துப் பேசிய சத்திரியனுக்கு 100 பணம் தண்டம். வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கு உடல் தண்டனை. குற்றம் ஒன்று, செய்தவன் யார் என்பதைப் பொறுத்துத் தண்டனை வேறு.

மைசூரில் நடந்த ஆய்வுகள்

ராமானுஜன் தம் கட்டுரைக்கு 'இயல்பான கட்டுரை' என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பு கொடுத்தார். ஆய்வு முடிவு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் அவர் சொன்னதற்கு உளவியல் துறையில் ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரம் கிடைத்த இடம் அவர் பிறந்த அதே மைசூர்!

அமெரிக்க உளவியலாளர் ஜோன் மில்லர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகாகோவிலும் மைசூரிலும் பெரியவர்களிடமும் 8, 11, 15 வயதுப் பிள்ளைகளிடமும், தங்களுக்குத் தெரிந்தவர் செய்த நல்ல செயல் ஒன்றையும் தவறான செயல் ஒன்றையும் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கச் சொன்னார். அமெரிக்கப் பெரியவர்கள், 'அவர் சுபாவமே அப்படி' என்று ஆளின் குணத்தைக் காரணமாகக் காட்டினார்கள். மைசூர்ப் பெரியவர்கள், 'அவர் நிலைமை அப்படி' என்று உறவையும் கடமையையும் சந்தர்ப்பத்தையும் காட்டினார்கள். கவனிக்க வேண்டியது, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் வழி பிரிகிறது. அதாவது, 'இந்திய மனம்' என்பது கருவில் வருவதன்று. வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொள்வது. கற்றுக்கொண்டது என்றால், அதைக் கேள்வி கேட்கவும் முடியும்.

மில்லரும் பெர்சாஃப் என்பவரும் 1992இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். நண்பனின் திருமணத்துக்கு மோதிரம் கொண்டு போகிறான் ஒருவன். வழியில் பணம் திருடு போய்விடுகிறது. அடுத்த இரயிலைப் பிடிக்காவிட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. பக்கத்தில் ஒருவரின் கோட்டுப் பையில் பயணச்சீட்டு இருக்கிறது. எடுக்கலாமா, கூடாதா? மைசூரில் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமையே பெரிது என்றார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அப்படிச் சொன்னார்கள்.

இந்த முடிவுக்கு ஒரு பெருமை உண்டு. லாரன்ஸ் கோல்பர்க் என்ற அறிஞர் ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படிகள் வகுத்து, உலகப் பொது நீதியை உச்சியில் வைத்தார். உறவுக்காகச் செய்வதை நடுப்படிகளில் நிறுத்திவிட்டார். அந்த ஏணியில் நிறுத்திப் பார்த்தால் நம் பெரியவர்கள் பலரும் வளராத பிள்ளைகளாகத் தெரிவார்கள். அது ஏணியின் கோளாறு, ஏறுகிறவர்களின் கோளாறல்ல என்று இந்த ஆய்வுகள் காட்டின. உறவுக் கடமையும் முழுமையான ஓர் அறமே. இதுவரை எனக்கும் ராமானுஜனோடு வழக்கில்லை.

எங்கே இடறுகிறது?

இடறல் அந்த வரிசையில்தான் இருக்கிறது. இராகத்தின் வேளை, வீட்டின் வாஸ்து, அகப்பாடலின் நிலம், மனுவின் தண்டம் இவை நான்கும் ஒரே பண்பின் நான்கு முகங்களாக அடுக்கப்படுகின்றன. படிக்கும்போது, அட, என்ன ஒற்றுமை என்று வியப்பு வருகிறது. சற்று நின்று பார்த்தால்தான் நெருடுகிறது. மாலை இராகத்தைக் காலையில் பாடினால் யாருக்கு வலிக்கும்? மிஞ்சிப்போனால் பக்கத்தில் இருக்கும் ரசிகர் முகம் சுளிப்பார். மனுவின் விதியில் ஒருவனுக்கு அபராதம், இன்னொருவனுக்கு உடம்பிலேயே அடி. இரண்டுமே 'சூழல் சார்ந்தவை' என்பது இலக்கணப்படி சரி. அறத்தின்படி அவற்றை ஒரே பந்தியில் உட்கார வைக்கலாமா?

ராமானுஜன் இதை அறியாதவர் என்று சொல்வது நியாயமாகாது. சூழல் கட்டிப்போடுகிற பண்பாட்டில் மனம் சூழலிலிருந்து விடுபடவே கனவு காணும் என்கிறார். பக்தி, துறவு, மோட்சம் எல்லாம் அந்தக் கனவின் வடிவங்கள் என்கிறார். பிறப்பு, பால், சமயம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாத நம் அரசியல் சட்டம் மனுவைக் கவிழ்த்ததையும் குறிப்பிடுகிறார். ஆனால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 'சூழல் என்ன என்று தீர்மானிக்கிறவர் யார்?' என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

அந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெண்கள் என்றோ கேட்டுவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நாம் எல்லாரும் அறிந்த பழமொழி. யோசித்துப் பாருங்கள், அது மனுவின் விதியேதான்! குற்றம் ஒன்று, குடமும் ஒன்று. உடைத்தவர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. ஆனால் பழமொழி அதை விதியாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டுகிறது. இதைச் சொன்னவர் ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்டைப் படித்தவர் அல்லர். அடுப்படியில் நின்று அனுபவித்தவர். ஒரே குடத்துக்கு ஒரே விலைதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் கப்பலேறி வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பழமொழி ஒன்றே போதிய பதில்.

விளக்கமும் மன்னிப்பும்

மில்லரின் ஆய்வில் வந்த சம்பவம் ஒன்று உளவியல் நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் நீதிமன்றம் போகிறார். சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, காயம் எவ்வளவு கடுமையானது என்றுகூட விசாரிக்காமல் தம் வழக்கைப் பார்க்கப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். அமெரிக்கர்கள், பொறுப்பில்லாத ஆள், தன் வெற்றியே பெரிதென்று நினைத்தவர் என்றார்கள். இந்தியர்கள், நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராக வேண்டிய கடமை இருந்தது, பதற்றமும் இருந்திருக்கும் என்றார்கள்.

இந்திய விடையில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. ஓர் ஆளை ஒரே சொல்லில் முடித்துவிடாமல் அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்கிறது. மனத்தை அறிய இதுவே நல்ல வழி. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அந்த ஊர் மாவட்ட நீதிபதியாக இருந்திருந்தால்? வழக்கறிஞர் மருத்துவமனை வாசலை விட்டு நகர்ந்திருப்பாரா? நாமும், 'பாவம் சார், அவருக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு' என்று சொல்லியிருப்போமா?

சூழலை வைத்து ஒரு செயலைப் புரிந்துகொள்வது வேறு. சூழலை வைத்து அதைச் சரி என்பது வேறு. முன்னது அறிவு, பின்னது தீர்ப்பு. மில்லர் கேட்டது 'ஏன் செய்தார்?' என்று மட்டும்தான். நாம் அன்றாடம் செய்கிற பிசகு, 'ஏன்' என்பதற்குக் கிடைத்த விடையை 'சரியா' என்பதற்கும் விடையாக வைத்துக்கொள்வது. 'அந்தக் காலத்துப் பெரியவங்க, அவங்க அப்படித்தான் நடந்துக்குவாங்க' என்கிறோம். அது விளக்கமாகத் தொடங்கி, சொல்லி முடிப்பதற்குள் மன்னிப்பாகிவிடுகிறது. அடிபட்டவர் அதற்குள் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் ராமானுஜனுக்குப் பக்கத்தில் அம்பேத்கரை வைத்துப் படிக்க வேண்டும். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அழைப்பே திரும்பப் பெறப்பட்டதால் பேசப்படாமல் நூலாக வந்த 'சாதி ஒழிப்பு' உரையில், விதியையும் கோட்பாட்டையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். விதி, இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லும். கோட்பாடு, எதை அளவுகோலாக வைத்துச் சீர்தூக்குவது என்று சொல்லும். விதிப்படி நடப்பவனுக்குப் பொறுப்பு இல்லை. கோட்பாட்டின்படி நடப்பவன்தான் தன் செயலுக்குப் பொறுப்பாளி ஆகிறான். சாதி, நம் அறத்தையே சாதிக்குள் சுருக்கிவிட்டது என்பதும் அவர் குற்றச்சாட்டு. ராமானுஜன் எதை ஒரு சிந்தனை முறையாகக் கண்டாரோ, அதன் ஒரு பகுதியை அம்பேத்கர் ஒரு காயமாகக் கண்டார். மேலே இருந்து பார்க்கும்போது கோலமாகத் தெரிவது, கீழே இருப்பவருக்குக் கட்டமாகத் தெரியலாம்.

'கீழே இருப்பவர்களும் ஒத்துக்கொள்கிறார்களே' என்று ஒரு மறுப்பு வரலாம். ரிச்சர்ட் ஷ்வீடரும் மகாபாத்ராவும் மில்லரும் 1987இல் வெளியிட்ட புவனேஸ்வர் ஆய்வில், தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுவது மிகப் பெரிய தவறுகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. விதவை மீன் சாப்பிடுவதும் தவறு என்றே கருதப்பட்டது. அவர்கள் பண்பாட்டில் அது உண்மையாகவே அறம். வெளியாள் சிரிக்க உரிமை இல்லை. சரி. ஆனால் மூத்த மகனுக்குத் தீட்டு சில நாளில் கழிந்துவிடும். விதவைக்கு? தன்மேல் ஏற்றப்பட்ட சுமையைத் தானே நியாயம் என்று சொல்லும் மனம் உண்டு. மாட்டேன் என்றால் சோறு கிடைக்காது என்ற நிலையில் வேறென்ன சொல்வது? ஆகவே சம்மதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. மாட்டேன் என்று சொல்ல இடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் சூழலே வேண்டாமா?

அப்படியும் இல்லை. ராமானுஜன் எடுத்துக்காட்டிய மனுவிலேயே, அதே எட்டாம் அத்தியாயத்தில், திருட்டுக்கான விதி வேறு மாதிரி இருக்கிறது. தெரிந்தே திருடிய சூத்திரனுக்கு 8 மடங்கு தண்டம், வைசியனுக்கு 16, சத்திரியனுக்கு 32, பிராமணனுக்கு 64 அல்லது 100 அல்லது 128. அறிவும் நிலையும் உயர உயரப் பொறுப்பும் உயர்கிறது. இதுவும் சூழல் சார்ந்த விதிதான், ஆனால் எடை எதிர்த் திசையில் இருக்கிறது. அந்த நூலின் மொத்தப் போக்கை இது மாற்றிவிடாது. என்றாலும் சூழலைப் பார்ப்பது தானாகவே அநீதி ஆகிவிடாது என்பதற்கு அங்கேயே ஒரு சான்று கிடைக்கிறது.

இன்னொரு சான்று சென்னையிலிருந்து. கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எல்லாரும் சமம் என்ற சூழல் சாராத விதியை அப்படியே வைத்துப் பார்த்ததன் விளைவு அது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவைச் சேர்த்து, பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றது. இது சூழல் பார்க்கும் நீதி. ஓட்டப் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே கோடு என்பது நியாயமாகத் தோன்றும். சிலர் காலில் சங்கிலி இருந்தது என்பதைப் பார்க்காதவரை.

ஆக, சூழலா, பொது விதியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கே தவறு. சூழல் யாருடைய சுமையைக் குறைக்கிறது, யாருடைய சுமையைக் கூட்டுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் நம்மிடம் இல்லாமலில்லை. தனக்குத் துன்பம் என்று அறிந்ததைப் பிறர்க்குச் செய்யாதிருப்பதே அறிவு என்ற கருத்தை 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர் வைத்திருக்கிறார். அங்கே பிறர் என்றால் பிறர்தான். எந்தக் குலம், எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. திருவாரூரில் சொல்லப்படும் மனுநீதிச் சோழன் கதையும் அதுவே. கன்றை இழந்த பசுவின் முன், தன் மகன் என்ற சூழலை அரசன் எடுத்துக் கீழே வைக்கிறான். பெயரில் மனு இருந்தாலும் தீர்ப்பு மனுவுடையதன்று என்பது சுவையான செய்தி.

நம் இலக்கணத்திலும் வேலி இல்லாமலில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ராமானுஜன் போற்றிய அகத்திணை மரபிலேயே, அடியவரும் ஏவல் செய்வோரும் ஐந்திணைக்குப் புறத்தே உள்ள கைக்கிளை, பெருந்திணைக்கு உரியவர் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டிருக்கிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் எல்லாருக்கும் பொதுவான நிலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அங்கேயும் சிலர் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

வெளியே ஒரு நீதி, உள்ளே ஒரு நீதியா?

இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். பிற மாநிலத்தில் வாழும் தமிழர்கள் வெளியே கேட்பது பொது விதியைத்தான். வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் என்ன மொழி, எந்த ஊர், மாமிசம் சாப்பிடுவீர்களா என்று கேட்கக் கூடாது. வேலையில் திறமையைப் பார்க்க வேண்டும். சண்டை வந்தால் பெயரையும் பேச்சையும் வைத்து ஆளைப் பிரிக்கக் கூடாது. 'நாங்களும் இந்த நாட்டுக் குடிமக்கள்தானே' என்கிறோம். மிக நியாயம். அதே நாம், நம் வீட்டு மாடியைத் தமிழர் ஒருவருக்கே வாடகைக்கு விடும்போது, 'ஊரில எந்தப் பக்கம்? அங்க எந்தத் தெரு?' என்று கேட்கிறோமே, அது எந்தக் கணக்கு? அந்தத் தெருக் கேள்வி எதைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

மூளைக்கு இரண்டு பாகங்கள் உண்டு என்று ராமானுஜனின் தந்தையார் சொன்னது வானியலுக்கும் சோதிடத்துக்கும் பொருந்தலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை. நீதிக்கு அது பொருந்தாது. நமக்கு வேண்டும்போது பொது விதி, அடுத்தவருக்கு என்றால் சூழல் என்று பிரித்து வைப்பதைப் பண்பாடு என்று சொல்லக் கூடாது. அது வசதி.

ராமானுஜனின் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். நம் மனம் எப்படி இயங்குகிறது என்பதை அதைவிடச் சுவையாகச் சொன்னவர்கள் குறைவு. படித்து முடித்த பிறகு மருமகளின் பழமொழியையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உடைந்தது மண்குடமா, பொன்குடமா என்று தீர்ப்புச் சொல்லும் முன், குடத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உடைத்தவர் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு.